பழைய காரின் பின் டிஃபரன்ஷியல்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்னால் எஞ்சின், நடுவில் நீளமான ப்ரொபெல்லர் ஷாஃப்ட், பின்னால் எஞ்சின் இழுவையை இரண்டு பின் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல். அம்பாசடர், ஃபியட் 1100 வழி வந்த பிரீமியர் பத்மினி, மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாமே இந்த அமைப்புதான். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர் பக்கம் இந்த வண்டிகளை இன்னும் வைத்து ஓட்டுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். பதில்களில் ஒரு பிடிவாதம் தெரியும்: அளந்து பார்க்காமல் டிஃபரன்ஷியலைக் கழற்றக் கூடாது என்பது என் கட்சி.

அண்ணே, பின்னாடி இருந்து ஊளைச் சத்தம் வருது. டிஃபரன்ஷியல் போயிடுச்சா?

போயிருக்கலாம். ஆனால் பின்னால் சத்தம் என்று வரும் வண்டிகளில் நிறைய வண்டிக்கு டிஃபரன்ஷியல் காரணமே இல்லை. டயர், வீல் பேரிங், ப்ரொபெல்லர் ஷாஃப்ட் கிராஸ் (ஷாஃப்ட் முனையில் வளைந்து கொடுக்கும் மூட்டு) என்று மூன்று பேர் முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களை முதலில் விசாரியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, கன்டெய்னர் லாரி வரிசை குறைவாக இருக்கும் நேரம் பார்த்து மாதவரம் 200 அடி ரோட்டுக்குப் போங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் இந்தச் சோதனை வேண்டாம். அங்கே உங்கள் வண்டிச் சத்தம் உங்களுக்கே கேட்காது. கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பின்சீட்டில் காது நல்லா இருக்கிற ஒருவரை உட்கார வையுங்கள். அப்புறம் இதைக் கவனியுங்கள்.

தார் ரோட்டிலிருந்து கான்கிரீட்டுக்கு ஏறும்போது சத்தத்தின் சாயலே மாறினால் அது டயர். ரோடு மாறினாலும் கியர் பல்லுக்கு அது தெரியாது. டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி ஓட்டிப் பார்த்தாலும் இது விளங்கிவிடும்.

வண்டியை லேசாக இடதுபுறம் வளைத்து, பிறகு வலதுபுறம் வளைத்து ஓட்டும்போது ஒரு பக்கம் சத்தம் ஏறி, மறு பக்கம் இறங்கினால் வீல் பேரிங். இடதுபுறம் திரும்பும்போது பாரம் வலது சக்கரத்தில் ஏறுகிறது. அப்போது அலறினால் வலது பேரிங்கைப் பாருங்கள்.

இந்த இரண்டும் இல்லை, கிராஸும் சரியாக இருக்கிறது (அதைப் பார்க்கும் விதம் அடுத்த கேள்வியில்) என்றால்தான் டிஃபரன்ஷியல் பக்கம் வர வேண்டும். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டு, காலை எடுத்ததும் நின்றால், உள்ளே இருக்கும் கிரவுன் என்ற பெரிய கியரின் பல்லில் இழுக்கும் முகத்தில் தேய்மானம் அல்லது தவறான பொருத்தம். காலை எடுத்து வண்டி தானாக வேகம் குறையும்போது மட்டும் ஊளையிட்டால் பல்லின் மறு முகம். கிரவுனைச் சுற்றும் பினியன் கியரின் பேரிங் லூசாகியிருந்தாலும் இப்படித்தான் பேசும். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங் மேல் சந்தேகப்படலாம். பினியன், சக்கரத்தைவிட நாலரை மடங்கு வேகமாகச் சுற்றும் பொருள். அதனால் அதன் பேரிங் சத்தம் கீச்சென்று உயரமாக இருக்கும். கிரவுன் வீலைத் தாங்கும் பக்கவாட்டு பேரிங்குகள் சக்கர வேகத்தில் சுற்றுவதால் அவற்றின் சத்தம் தாழ்ந்த உறுமல். நேரே போகும்போது ஒன்றும் இல்லாமல், திரும்பும்போது மட்டும் கடமுட என்றால் உள்ளே இருக்கும் சின்ன கியர்கள்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் மெல்லிய ஊளை, பல வருடமாக அப்படியே இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை என்றால்? ஆயிலை மாற்றிவிட்டு நிம்மதியாக ஓட்டுங்கள். வயதான அம்பாசடர் கொஞ்சம் பாடத்தான் செய்யும்.

கிளட்சை விட்டதும் 'டக்'குனு அடிக்குது. அது?

இதற்கு டிஃபரன்ஷியலைத் திறப்பவர்கள்தான் அதிகம் பணம் வீணாக்குகிறார்கள். முதலில் ப்ரொபெல்லர் ஷாஃப்டின் இரண்டு முனை கிராஸையும் கையால் முறுக்கிப் பாருங்கள். ஊசி பேரிங் தேய்ந்திருந்தால் கையிலேயே தெரியும்; கிராஸைச் சுற்றிக் காவி நிறத்தில் துருத்தூள் இருந்தால் முறுக்கிப் பார்க்கக்கூட வேண்டாம். அடுத்து ஷாஃப்டின் ஸ்ப்ளைன், அதாவது நீளவாக்கில் பல் வெட்டிய பகுதி. அடுத்து ஸ்பிரிங் பட்டையை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டு நான்கும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டையின் சென்டர் போல்ட்டு உடைந்திருந்தால் ஆக்சிலே முன்னும் பின்னும் நகர்ந்து அடிக்கும். ஷாக்கிள் புஷ், எஞ்சின் மவுண்டிங் ரப்பர் எல்லாமே இந்த 'டக்'கைக் கொடுக்கக் கூடியவை.

வண்டி பின்னால் தாழ்ந்துவிட்டது என்று ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை ஏற்றும் பழக்கம் நம் பக்கம் உண்டு. பின்பக்கம் உயர்ந்தால் ப்ரொபெல்லர் ஷாஃப்டின் சாய்வு மாறும், கிராஸ் சீக்கிரம் தேயும், அதிர்வும் வரும். அதற்கும் பழி டிஃபரன்ஷியல் மேல்தான் விழுகிறது.

இதெல்லாம் சரியாக இருந்து, இன்னும் அடித்தால் பினியன் நட்டு, சின்ன கியர்களின் பின்னால் இருக்கும் வாஷர், ஆக்சில் ஷாஃப்ட் ஸ்ப்ளைன் என்று உள்ளே போகலாம்.

உள்ளே என்னதான் இருக்கு? சுருக்கமா சொல்லுங்க.

ப்ரொபெல்லர் ஷாஃப்ட் முனையில் பினியன் என்ற சின்ன கியர். அது கிரவுன் வீல் என்ற பெரிய வட்டக் கியரைச் சுற்றுகிறது. ஷாஃப்ட் சுழலும் திசை இங்கே 90 டிகிரி திரும்புகிறது, வேகம் குறைந்து இழுவை கூடுகிறது. கிரவுன் வீல் ஒரு கூட்டோடு போல்ட்டு போட்டு இணைந்திருக்கும். அந்தக் கூட்டுக்குள் குறுக்குத் தண்டில் சின்ன கியர்கள், அவற்றோடு பல் கோத்து ஆக்சில் ஷாஃப்டுகளைத் திருப்பும் இரண்டு கியர்கள். மிண்ட் சிக்னலில் வண்டியைத் திருப்பும்போது வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அந்த வித்தியாசத்தைப் பிரித்துக் கொடுப்பது இந்தச் சின்ன கியர்கள். நேரே ஓடும்போது அவை தங்கள் தண்டில் சுழலுவதே இல்லை.

பினியன், கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் கொஞ்சம் தாழ்வாக இருந்தால் அதற்கு ஹைபாய்டு என்று பெயர். பல் பெரிதாக வைக்கலாம், சத்தம் குறையும், ஷாஃப்ட் தாழ்வாகப் போவதால் வண்டித் தரையும் தாழும். பதிலுக்குப் பல் மீது பல் உருளுவதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்கிறது. ஆயில் விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்க இதுதான் காரணம்.

வண்டியை கியரில் போட்டுட்டு ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி வெச்சா போதும்ல?

போதாது. உயிர் போகும் விஷயம் இது. ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் இருந்தால் கியர் வண்டியைப் பிடிக்காது. ப்ரொபெல்லர் ஷாஃப்ட் அசையாமல் நிற்கும். ஆனால் தரையில் இருக்கும் சக்கரம் ஒரு பக்கம் உருள, தூக்கிய சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். டிஃபரன்ஷியலின் வேலையே அதுதானே. ஹேண்ட் பிரேக்கும் பின் சக்கரங்களில்தான் பிடிக்கிறது. இரண்டு பின் சக்கரமும் தூக்கிவிட்டால் அதுவும் வண்டியை நிறுத்தாது. முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்த பிறகுதான் ஜாக்கியைத் தொட வேண்டும்.

தெருவோரப் பட்டறைகளில் செங்கல், ஹாலோ பிளாக் மேல் வண்டியை நிறுத்தி அடியில் படுப்பதை இன்னும் பார்க்கிறேன். ஹாலோ பிளாக் முன்னறிவிப்பு கொடுக்காமல் நொறுங்கும். இரண்டு இரும்பு ஸ்டாண்டு, கெட்டியான தரை, இது இல்லாத இடத்தில் வேலை வேண்டாம். ஒரு சக்கரம் மட்டும் தூக்கிய நிலையில் எஞ்சினை ஓட்டி கியர் போட்டுச் சோதிப்பதும் கூடாது. தூக்கிய சக்கரம் தரையைத் தொட்ட நொடியில் வண்டி ஸ்டாண்டைவிட்டுப் பாயும்.

திறக்காமலே எவ்வளவு தூரம் பார்க்கலாம்?

முக்கால்வாசி பார்த்துவிடலாம். என்னைக் கேட்டால் இந்தப் பகுதியில்தான் பொறுமை வேண்டும். மற்றதெல்லாம் ஸ்பேனர் வேலை.

வண்டி கொஞ்ச தூரம் ஓடி ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது, சமதளத்தில் நிறுத்துங்கள். முதலில் ஊற்றும் பிளக்கைத் திறங்கள், வடிக்கும் பிளக்கை அல்ல. பல வருடம் தொடாத ஊற்றும் பிளக் சில நேரம் திறக்கவே திறக்காது. கீழே வடித்துவிட்டு மேலே திறக்க முடியாமல் நின்றால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

திறந்ததும் சுண்டு விரலை மடக்கி உள்ளே விட்டால் ஆயில் தட்டுப்பட வேண்டும். துளையின் கீழ் விளிம்பு வரை இருந்தால் அதுதான் முழு அளவு. குறைவாக இருந்தால் ஏன் குறைந்தது என்று தேடுங்கள்; ஆயில் ஆவியாகிப் போகாது.

அடுத்து ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தட்டில் வடியுங்கள். ஆயில் கறுத்திருப்பது ஒன்றுமில்லை. ஒரு காந்தத்தைத் தட்டின் அடியில் இழுத்துப் பாருங்கள். விரலில் தேய்த்தால் மை போல ஒட்டும் சாம்பல் நிறக் குழம்பு சாதாரணத் தேய்மானம். நகத்தில் சுண்டினால் 'டிக்' என்று சத்தம் கேட்கும் துணுக்கு, ஊசி மாதிரி கீற்று, மெல்லிய செதில் வந்தால் பல் அல்லது பேரிங் உடைகிறது. அதற்கு மேல் ஓட்டக் கூடாது. காந்தத்தில் ஒட்டாத பொன்னிறத் துகள் மின்னினால் சின்ன கியர்களின் பின்னால் இருக்கும் வெண்கல வாஷர் கரைகிறது.

பிறகு லூஸ். முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, பினியன் முனையில் இருக்கும் ஃபிளாஞ்சை (ப்ரொபெல்லர் ஷாஃப்டை போல்ட்டு போட்டு மாட்டும் வட்டத் தட்டு) கையால் இப்படியும் அப்படியும் திருப்புங்கள். சாக்பீஸால் ஃபிளாஞ்சிலும் ஹவுசிங் என்ற வெளிக்கூட்டிலும் கோடு போட்டுக் கொண்டால் எவ்வளவு ஆடுகிறது என்று அளக்கலாம். கொஞ்சம் ஆட்டம் இருந்தே தீரும், பயப்பட வேண்டாம். இதில் பினியன் பல் இடைவெளி மட்டும் இல்லை. சின்ன கியர்கள், ஆக்சில் ஸ்ப்ளைன் எல்லாவற்றின் லூசும் சேர்ந்துதான் வருகிறது. இதை டைரியில் எழுதி வைத்து, ஆறு மாதம் கழித்துத் திரும்ப அளந்து பார்ப்பது ஒரு முறை அளப்பதைவிட நூறு மடங்கு உபயோகம். அதே ஃபிளாஞ்சை மேலும் கீழுமாக ஆட்டுங்கள். இந்தத் திசையில் ஆட்டமே இருக்கக் கூடாது. இருந்தால் பினியன் பேரிங் முடிந்தது அல்லது நட்டு தளர்ந்தது.

என்ன ஆயில் ஊத்தணும்? 140 ஊத்துனா சத்தம் குறையும்னு சொல்றாங்களே.

குறையும்தான். காய்ச்சலுக்கு தெர்மாமீட்டரை ஒளித்து வைக்கிற கதை அது. 140 என்கிற கெட்டியான ஆயில் சத்தத்தை அமுக்கும், ஆனால் பினியன் பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேருவதை மந்தப்படுத்தும்.

ஹைபாய்டு ஆக்சிலுக்கு இபி 90 அல்லது 80டபிள்யூ-90, ஜிஎல்-5 தரம். இபி என்ற இரண்டு எழுத்து அவசியம். கடும் அழுத்தத்தில் உலோகத்தோடு உலோகம் உரசாமல் காக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதில்தான் இருக்கிறது. கியர் ஆயிலின் அந்த நாற்றமும் அதனால்தான். எஞ்சின் ஆயிலை ஹைபாய்டில் ஊற்றினால் பல் முகம் சீக்கிரமே கீறிப் போகும். அதே சமயம் மிச்சமான ஜிஎல்-5 ஆயிலைக் கியர்பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள். சில ஜிஎல்-5 ஆயில்கள் பித்தளை சிங்க்ரோ ரிங்குகளை அரிக்கும். கியர்பாக்ஸுக்கு வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான்.

2 லிட்டர் வாங்கினால் போதும். துளையில் வழியும் வரை ஊற்றி, வழிவது நின்றதும் பிளக்கை மூடுங்கள். கூடுதலாக அடைத்தால் சீல் வழியாகப் பிரேக்குக்குப் போகும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது என் வழக்கம். கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டிக்குள் ஈரம் சேராமல் இருக்காது.

கணேசபுரம் சுரங்கப்பாதையில தண்ணியில இறங்கி ஏறிட்டேன். வண்டி நல்லாத்தான் ஓடுது.

இப்போது நல்லாத்தான் ஓடும். ஆனால் நடந்தது இதுதான்: ஓடிக் கொண்டிருந்த டிஃபரன்ஷியல் சூடாக இருந்தது. திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருந்த காற்று சுருங்கியது. சுருங்கிய காற்று வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சும். மூச்சுத் துளையும் சீல் ஓரமும் தண்ணீருக்குள் இருந்தால் தண்ணீரைத்தான் உறிஞ்சும்.

அன்றைக்கோ மறுநாளோ பிளக்கைத் திறந்து பாருங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வண்டியை இரவு முழுக்க நிறுத்தி வைத்திருந்தால் தண்ணீர் அடியில் தங்கி, வடிக்கும் பிளக்கைத் தளர்த்தியதும் முதலில் அதுவே சொட்டும். வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றி, பத்து இருபது கிலோமீட்டர் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். முதல் ஆயில் மலிவானதாக இருக்கலாம், ஆனால் இபி 90 ஆகத்தான் இருக்க வேண்டும். பின் வீல் பேரிங், பிரேக் டிரம், கியர்பாக்ஸ் எல்லாவற்றையும் கூடவே பார்க்க வேண்டும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்த வண்டிகள் கதை வேறு. தண்ணீரோடு சேறும், எண்ணூர் முகத்துவாரம் பக்கம் எண்ணெயும் சேர்ந்து வந்த வெள்ளம் அது. அப்படி நின்ற வண்டியில் ஆயில் மாற்றினால் மட்டும் போதாது. பேரிங் உருளைகளில் தண்ணீர் தொட்ட இடத்தில் துருப்புள்ளி விழுந்திருக்கும். அந்தப் புள்ளி ஓட ஓடப் பெரிதாகும். அந்த வண்டிகளுக்கு மட்டும் சத்தம் வரும் வரை காத்திருக்கச் சொல்ல மாட்டேன். கழற்றி பேரிங்கைப் பார்த்துவிடுங்கள்.

ஆயில் ஒழுகுது. சீல் மாத்தினா நின்னுடுமா?

முதலில் ஆக்சில் மேல் இருக்கும் மூச்சுத் துளையைச் சுத்தம் செய்யுங்கள். சேறும் கிரீஸும் அடைத்திருந்தால், சூடான காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலை சீல் வழியாகத் தள்ளும். புது சீல் போட்டாலும் மறுபடி ஒழுகும். ஒரு மெல்லிய கம்பியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும்.

துளை சரியாக இருந்தும் ஒழுகினால் எங்கே என்று பாருங்கள். வண்டித் தரையின் அடியில் குறுக்கே ஒரு கோடாக ஆயில் தெளித்திருந்தால் பினியன் சீல். ஹவுசிங் விளிம்பில் ஈரம் என்றால் பேக்கிங். சக்கரத்தின் உள்பக்கம் ஆயில் வழிந்திருந்தால் ஆக்சில் சீல், அதை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதீர்கள். பிரேக் லைனிங்கில் கியர் ஆயில் ஊறினால் ஒரு பக்கம் பிடிக்கும், மறு பக்கம் வழுக்கும். ஊறிய லைனிங்கை பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தி மறுபடி போடும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. வேண்டாம். உள்ளே ஊறியது சூட்டில் திரும்ப வெளியே வரும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு என்பதால் அந்தத் தூளைக் காற்றடித்து ஊதவும் கூடாது, ஈரத்துணியால் துடையுங்கள்.

பினியன் சீல் மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. அந்த நட்டுதான் சில ஆக்சில்களில் பேரிங்குக்கு முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கத்தையும் தீர்மானிக்கிறது. கழற்றுவதற்கு முன் நட்டு, ஷாஃப்ட், ஃபிளாஞ்ச் மூன்றிலும் ஒரே நேர்க்கோட்டில் பஞ்ச் குறி வையுங்கள், திரும்ப அதே குறிக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு பேரிங்குக்கு நடுவில் நசுங்கும் ஸ்பேசர் குழாய் வைத்த வகையாக இருந்தால், குறியைத் தாண்டி முரட்டுத்தனமாக இறுக்கினால் உள்ளே ஸ்பேசர் நசுங்கி பேரிங் கருகும்.

கழட்டித்தான் ஆகணும்னா, அம்பாசடர்ல எப்படி?

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஆங்கிலேயக் கார் வழி வந்த ஆக்சில் அது. நடுவில் உருண்டையாக, முன்பக்கம் திறக்கும் ஹவுசிங். டிஃபரன்ஷியல் முழுசாக முன்பக்கமாக வெளியே வரும் என்பது பெரிய வசதி. மேசை மேல் வைத்து வேலை செய்யலாம்.

ஆயிலை வடித்து, ப்ரொபெல்லர் ஷாஃப்ட் ஃபிளாஞ்ச் இரண்டிலும் குறி வைத்துக் கழற்றுங்கள். பின் சக்கரம், டிரம் எடுத்து, இரண்டு ஆக்சில் ஷாஃப்டையும் டிஃபரன்ஷியலைவிட்டு விலகும் வரை வெளியே இழுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுத்துவிட்டு ஏன் வரவில்லை என்று கடப்பாரை போடுபவர்கள் உண்டு. அப்புறம் சுற்றியுள்ள நட்டுகள். கடைசி நட்டுக்கு முன் அடியில் ஜாக்கி கொடுங்கள். சாதாரண கனம் இல்லை, விரல் நசுங்கும்.

மேசைக்கு வந்ததும் எதையும் பிரிக்காமல், மண்ணெண்ணெயில் கழுவி, பல் இடைவெளியை அளந்து, பல்லில் பெயிண்ட் தடவி அச்சு எடுத்து, செல்போனில் படம் எடுத்துக் கொள்ளுங்கள். பிரித்த பிறகு பழைய நிலை எப்படி இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பேரிங் மேல் மூடிகளுக்கு இடது வலது குறி கட்டாயம். ஹவுசிங்கோடு சேர்த்துக் கடைந்த மூடிகள் அவை, மாற்றிப் போட்டால் பேரிங் வட்டமாக உட்காராது. ஷிம்களை (இடைவெளியைச் சரி செய்யும் மெல்லிய தகடுகள்) பக்கம் பக்கமாகத் தனித்தனிக் கவரில் போட்டு எழுதி வையுங்கள்.

என்னுது ஹெரால்டு. இதேதானா?

இல்லை. ஹெரால்டில் டிஃபரன்ஷியல் ஆக்சிலோடு மேலும் கீழும் ஆடாது; சேஸிஸில் போல்ட்டு போட்டு நிற்கும். அதன் மேலேயே குறுக்கு ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும், இரண்டு பக்கமும் கிராஸ் வைத்த அரை ஷாஃப்டுகள் சக்கரத்துக்குப் போகும். எனவே கழற்ற வேண்டும் என்றால் ஸ்பிரிங்கையும் சமாளிக்க வேண்டும், வேலை கூடுதல். ஆனால் அதற்கு முன் சேஸிஸில் பிடிக்கும் ரப்பர்களைப் பாருங்கள். ஹெரால்டில் வரும் 'டக்' சத்தத்துக்கு ரப்பர் செத்திருப்பதும் அரை ஷாஃப்ட் கிராஸ் தேய்ந்திருப்பதும்தான் முதல் சந்தேகம். அதே கம்பெனியின் 1972-ல் வந்த கெசல் காரில் இந்த அமைப்பைக் கைவிட்டு, முழு ஆக்சிலுக்கே போய்விட்டார்கள். ஹெரால்டுக்கு வாங்கிய பாகம் கெசலுக்கு ஆகும் என்று யாராவது சொன்னால் பின்பக்கத்தைப் பொறுத்தவரை நம்ப வேண்டாம்.

பல் அச்சு எடுக்கறதுன்னா என்ன? மெக்கானிக் கையால ஆட்டிப் பார்த்தே சொல்றாரே.

கைப்பழக்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே பேசும் அளவு தலைமுடி கனம். பல பழைய ஆக்சில்களுக்கு கிரவுன், பினியன் இடைவெளி 0.10 முதல் 0.20 மில்லிமீட்டருக்குள் வரும். சரியான அளவை கிரவுன் வீலின் மேலேயே பொறித்திருப்பதும் உண்டு, துடைத்துவிட்டுத் தேடுங்கள். இதை டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள் காட்டும் அளவுக் கருவி) வைத்து, கிரவுன் வீலின் நான்கைந்து இடங்களில் அளக்க வேண்டும். இடத்துக்கு இடம் மாறினால் கிரவுன் வீல் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் அடியில் ஒரு பிசிறோ அழுக்கோ மாட்டியிருக்கும்.

அச்சு எடுப்பது எளிது. பிரஷ்யன் புளூ என்ற நீலச் சாயம் இல்லாவிட்டால் மஞ்சள் ஆயில் பெயிண்டை கிரவுன் வீலின் ஏழெட்டுப் பல்லில் மெல்லிசாகத் தடவுங்கள். கிரவுன் வீலை ஒரு கட்டையால் லேசாகத் தடுத்துக் கொண்டே பினியனை இரண்டு திசையிலும் சுற்றுங்கள். பினியன் தொட்ட இடத்தில் பெயிண்ட் விலகி ஒரு முட்டை வடிவம் தெரியும். அது பல்லின் உயரத்தில் நடுவிலும், நீளத்தில் நடுவிலோ உள்முனைக்குச் சற்று அருகிலோ இருந்தால் நல்லது.

அச்சு பல்லின் நுனியோரம் உயரத்தில் விழுந்தால் பினியன் தூரத்தில் இருக்கிறது. கனமான ஷிம் போட்டு உள்ளே தள்ள வேண்டும். பல்லின் அடிவாரத்தில் விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போய்விட்டது. அச்சு பல்லின் அகலமான வெளிமுனையில் இருந்தால் கிரவுன் வீலை பினியன் பக்கம் நகர்த்துங்கள். குறுகிய உள்முனையில் ஒட்டிக் கொண்டால் அப்பால் நகர்த்துங்கள். ஒன்றை நகர்த்தினால் மற்றொன்று கலையும். நகர்த்தி, அளந்து, அச்சு எடுத்து, மறுபடி நகர்த்தி, ஒரு முழு நாள் போகும். "ஒரு மணி நேரத்துல செட் பண்ணிடலாம்" என்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இது புது பல்லுக்கு. பழைய பல் ஜோடியையே திரும்பப் போடுவதாக இருந்தால் அழகான அச்சைத் தேடாதீர்கள். அவை எந்த இடத்தில் தேய்ந்து பழகினவோ அந்த இடத்திலேயே திரும்ப நிறுத்துங்கள். பிரிக்கும் முன் அளக்கச் சொன்னது இதற்காகத்தான்.

புதுப்பேட்டையில கிரவுன் மட்டும் கிடைக்குது. பினியன் என்னுதே நல்லா இருக்கு. போடலாமா?

கூடாது. தயாரிக்கும்போதே இரண்டையும் சேர்த்து உரசவிட்டு, ஒரே ஜோடி எண் பொறிக்கிறார்கள். பிரித்து வேறு ஒன்றோடு சேர்த்தால் எந்த ஷிம் போட்டாலும் ஊளைதான். புதுப்பேட்டை பழைய பாகக் கடைகளில் வாங்குவதாக இருந்தால் ஹவுசிங்கின் முன்பகுதியோடு முழு டிஃபரன்ஷியலாக, யாரும் பிரிக்காததாகக் கேளுங்கள். பிரித்துக் கழுவிப் பளபளவென்று மேசையில் வைத்திருப்பதைவிட கறுப்பு எண்ணெய்ப் பிசுக்கோடு கிடப்பது மேல். கையால் சுற்றிப் பாருங்கள், எங்கும் தட்டக் கூடாது. பல்லை டார்ச் அடித்துப் பாருங்கள். முகத்தில் குழியும் நீல நிறமும் இருந்தால் கீழே வைத்துவிட்டு நகருங்கள்.

பேரிங்கைப் பொறுத்தவரை பழையது வேண்டவே வேண்டாம். பேரிங் மேல் பொறித்திருக்கும் எண்ணை எழுதிக் கொண்டு, பழையதையும் கையில் எடுத்துக் கொண்டு பாரிமுனை பக்கம் இருக்கும் பேரிங் கடைகளுக்குப் போங்கள். கார் பெயரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்பார்கள். எண்ணைச் சொன்னால் எடுத்துத் தருவார்கள்.

பல்சக்கர விகிதம் மாறிடுச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கிரவுன் பல் எண்ணிக்கையை பினியன் பல் எண்ணிக்கையால் வகுங்கள். 41-ஐ 9-ஆல் வகுத்தால் 4.56; 39-ஐ 8-ஆல் வகுத்தால் 4.875. திறக்காமலும் பார்க்கலாம்: ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, நியூட்ரலில் வைத்து, அந்தச் சக்கரத்தைச் சரியாக 2 சுற்று சுற்றுங்கள். ப்ரொபெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் விகிதம். ஒரு சக்கரம் நின்றால் மற்றது கிரவுனைப்போல இரண்டு மடங்கு சுற்றும் என்பதால் 2 சுற்று. (கட்டையும் ஸ்டாண்டும் மறக்க வேண்டாம்.)

அம்பாசடரில் பெட்ரோல், டீசல், 1.8 இசுசு என்று எஞ்சின் மாறிக் கொண்டே வந்ததால், வேறு வண்டி டிஃபரன்ஷியலைப் போடும் முன் எண்ணிவிடுங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால், விகிதம் மாறினால் முள் பொய் சொல்லும்.

நம்ம ஏரியா லாரி மெக்கானிக்கிட்ட கொடுக்கலாமா?

கொடுக்கலாம். மணலி, மாதவரம் பக்கம் டிரெய்லர் வேலை பார்ப்பவர்களுக்கு கிரவுன் பினியன் தினசரி சோறு. புது கார் பார்க்கும் ஒர்க்‌ஷாப் பையனுக்குத் தெரியாத விஷயம் அவருக்குக் கண்ணை மூடிக் கொண்டு தெரியும். ஒரே பயம், லாரிக்குப் பழகிய கை. பினியன் பேரிங்கை லாரி அளவுக்கு இறுக்கிவிடுவார். "அண்ணே, டயல் கேஜ் இருக்கா?" என்று மட்டும் மரியாதையாகக் கேளுங்கள். இருக்கிறது என்றால் பாதிக் கவலை போச்சு. இல்லை என்றால் அருகில் லேத் பட்டறையில் கேட்டு வாங்கிக் கொடுங்கள். கூலியை வேலைக்கு இவ்வளவு என்று முன்பே பேசி, பேரிங், சீல், பேக்கிங்கை நீங்களே வாங்கிக் கொடுப்பது இரண்டு பேருக்கும் நல்லது.

சின்ன கியரை வெல்டு வெச்சுட்டா?

ரோட்டில் ஓட்டும் வண்டிக்கு வேண்டாம். திருப்பத்தில் ஒரு டயர் இழுபடும், ஆக்சில் ஷாஃப்ட் முறியும்.

மாட்டி முடிச்சாச்சு. உடனே பாண்டிச்சேரி போலாமா?

முதலில் பெரம்பூர் வரை போய் வாருங்கள். 15 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி நிறுத்தி, ஹவுசிங்கில் பினியன் பக்கம் கையை வையுங்கள். சூடாக இருக்கலாம், ஆனால் கை வைத்துத் தாங்க முடிய வேண்டும். தொட்டதும் கையை இழுக்க வைத்தால் பேரிங் இறுக்கம் அதிகம். ஓட ஓடச் சரியாகும் என்று விடாமல் திரும்பக் கழற்றச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் ஆறவிட்டு மறுநாள் இன்னும் கொஞ்சம் ஓட்டுங்கள். புது பல் ஜோடி என்றால் முதல் 500 கிலோமீட்டருக்குப் பாரமும் வேகமும் வேண்டாம், அதன் பிறகு ஆயிலை வடித்துக் காந்தத்தை மறுபடி இழுத்துப் பாருங்கள்.

பழைய அம்பாசடர் ஒண்ணு வாங்கப் போறேன். சத்தமே இல்ல, அவ்ளோ சைலன்ட்.

வாங்கும் முன் டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். மரத்தூளையோ கிரீஸையோ கலந்து ஊளையை அமுக்கி விற்பது உலகம் முழுக்க இருக்கும் பழைய தந்திரம். ஆயிலை விரலில் தேய்த்தால் நார் தட்டுப்படும். விற்பவர் பிளக்கைத் தொடவே விடமாட்டேன் என்றால் விலையை அதற்கேற்ற மாதிரிப் பேசுங்கள்.

வடிச்ச ஆயிலை என்ன பண்றது?

கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்குபவர்களிடம் கொடுங்கள். தெரு முனை மழைநீர் வடிகாலில் ஊற்றினால் அது பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போகும். தண்ணீர் கலந்த ஆயிலைத் தனிக் கேனில் வையுங்கள், கலந்தால் அவர்கள் வாங்க மாட்டார்கள்.